திரவ உப்பும் வறுத்த அரிசியும்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பதினாறு காம்பரா வீடுகளுக்கும் தெரியும். அரிசி வேகவில்லை என்றால் கோபம், பஸ் பிந்தினால் கோபம், பக்கத்துக் காம்பரா அக்கா ரேடியோவைச் சத்தமாக வைத்தால் கோபம். ஆனால் ஒரு போத்தல் உப்புக்காக நோர்வூட் பக்கம் ஒரு மலையே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது ஒரே ஒரு தடவைதான். அந்தக் கதையை இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. நான் இரசாயனவியலில் பட்டம் முடித்துவிட்டு வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அரசாங்கத்திடமிருந்து எனக்கு ஆசிரியர் நியமனக் கடிதம் வந்தது. தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்க வேண்டும், அடுத்த மாதம் முதலாம் திகதி வேலைக்குச் சேர வேண்டும். கடிதம் வந்த அன்று மாலைக்குள் அம்மா அதைத் தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகள் டீச்சர் என்றால் அது சும்மா விஷயமா? அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவின் சந்தோஷத்தைப் பார்த்து நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் எனக்கு அந்த வேலையில் துளியும் மனமில்லை. நான் ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டேன்.

எங்கள் பேராசிரியரிடம் ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு இடம் இருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அளந்து பேசுகிறவர். நியமனக் கடிதத்தோடு அவரிடம் போய் நின்றேன். அவர் அலுமாரியிலிருந்து ஒரு பழுப்பு நிறக் கண்ணாடிப் போத்தலையும் மேசை லாச்சியிலிருந்து ஒட்டிய உறையொன்றையும் எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

“இந்தப் போத்தலுக்குள்ள இருக்கிறது அயனித் திரவம். இது வெப்பத்தை எவ்வளவு கடத்துது எண்டு நீர் அளக்க வேணும். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒண்டு இதே திரவத்தை அளந்து வச்சிருக்கு. அவையளின்ர எண் இந்த உறைக்குள்ள கிடக்கு. உம்மட எண் அதோட நூற்றுக்கு மூன்று வித்தியாசத்துக்குள்ள வந்தால் உம்மைப் பதியிறன். வராட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போம். அதுவும் நல்ல வேலைதான்.”

உறையை அவர் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை, என் கையிலேயே தந்துவிட்டார். என்னை நம்பித் தந்தாரா, சோதித்துப் பார்க்கத் தந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அயனித் திரவம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அதுவும் ஒரு வகை உப்புத்தான். சமையல் உப்பை உருக்க வேண்டுமானால் இரும்பு சிவக்கிற சூடு வேண்டும். இந்த உப்புகள் சும்மா மேசையில் வைத்தாலே உருகிய நிலையில்தான் இருக்கும், தேன் போல ஊற்றலாம். சூடாக்கினாலும் இலேசில் ஆவியாகாது, மணக்காது, தீப்பிடிக்காது. சூரிய வெப்பத்தைச் சேர்த்து எடுத்துப்போகும் குழாய்களில் எண்ணெய்க்குப் பதிலாக இதை ஓட விடலாமா என்று அப்போது பல நாடுகளில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முதலில் இது வெப்பத்தைக் கடத்தும் அளவு தெரிய வேண்டும்.

அளக்கும் முறையும் எளிதுதான். தலைமுடியை விட மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்றைத் திரவத்துக்குள் நேராக இழுத்துக் கட்ட வேண்டும். அதில் ஒரு வினாடி மட்டும் மின்சாரம் விட வேண்டும். கம்பி சூடேறும். சுற்றியுள்ள திரவம் வெப்பத்தை நன்றாக வாங்கிக் கடத்தினால் கம்பி மெதுவாகச் சூடேறும், கடத்தாவிட்டால் விறுவிறுவென்று ஏறும். அந்த ஒரு வினாடிக்குள் கம்பி எப்படிச் சூடேறியது என்பதைக் கணினி பதிந்து தரும். அதற்கு மேல் விட்டால் திரவம் உள்ளே சுழலத் தொடங்கிவிடும், எண் கெட்டுவிடும். மேசை அதிர்ந்தாலும் கெட்டுவிடும். எல்லாவற்றையும் விடத் தண்ணீர் பொல்லாதது. தண்ணீர் வெப்பத்தை நம் திரவத்தை விட மூன்று மடங்கு போலக் கடத்தும். இந்தத் திரவமோ காற்றில் உள்ள ஈரத்தைக் கண்டால் விடாது, குடித்துக்கொண்டே இருக்கும்.

ஆய்வுகூடத்தில் வேலை தொடங்கி இரண்டாம் நாள் பல்கலைக்கழக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாம் திகதிக்கோ பதினைந்து நாள்தான் இருந்தது. பேராசிரியர் வெளிக்கேட்டில் நின்று யோசித்துவிட்டுக் கேட்டார்.

“சாமானுகளை வீட்டை கொண்டு போய் அளப்பீரோ?”

“அளப்பேன் சேர்,” என்றேன். எங்கள் வீட்டை அவர் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். எனக்கும் கொஞ்சம் யோசனை இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் காவலாளியிடம் சொல்லிச் சாமான்களை வெளியே எடுத்துத் தந்தார். கம்பி கட்டிய கண்ணாடிக் குழாயைப் பாண் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்தேன். பேராசிரியரின் பழைய மடிக்கணினியைத் துவாயில் சுற்றினேன். போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கண்டியிலிருந்து ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். நடத்துனர் டிக்கட் தரும்போது போத்தலைப் பார்த்து “தேனாங்க மிஸ்?” என்றார். “உப்பு,” என்றேன். அதற்குப் பிறகு அவர் மிச்சக் காசைத் தந்ததோடு சரி, என் பக்கமே வரவில்லை.

வீட்டில் அம்மா போத்தலைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே மெதுவாக அலைந்தது.

“என்னா புள்ள இது?”

“ஒரு வக உப்பும்மா. இது வெப்பத்த எவ்வளவு கடத்துதுன்னு அளக்கணும். மூடியத் திறந்துறாத, காத்துல இருக்க ஈரத்த எல்லாம் இழுத்துக்கும்.”

“இழுத்துக்கும்னா என்னா, இழுத்தே முடிச்சிருச்சே! தண்ணியா போயி கெடக்கு.”

“இல்லம்மா, இது தண்ணியாத்தான் இருக்கும்.”

அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் மூடுபனி கதவைத் தட்டாமலே வீட்டுக்குள் வரும். தீப்பெட்டி பற்றாது. துவைத்த துணி ஐந்து நாளானாலும் காயாது. பால்மா டின்னில் போட்டு வைத்த உப்பு கசிந்து அடியில் தண்ணீராக நிற்கும். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். ஒரு பிடி அரிசியைச் சிவக்க வறுத்து, ஆற வைத்து, உப்போடு கலந்து வைப்பார்கள். அரிசி ஈரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், உப்பு உதிரியாக இருக்கும். இது தெரியாத பெண் எங்கள் லயத்தில் இல்லை. ஆகவே நான் என்ன விளக்கம் சொன்னாலும், கெம்பஸில் நாலு வருஷம் படித்தவள் ஒரு போத்தல் உப்பை நனையாமல் வீட்டுக்குக் கொண்டுவரத் தெரியாமல் நிற்கிறாள் என்றுதான் அம்மாவுக்குப் பட்டது. பக்கத்துக் காம்பரா அக்காவும் எட்டிப் பார்த்துவிட்டு, “பாவம், அதுக்கு வீட்டு வேல எங்க தெரியும்,” என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

உறையை அம்மா வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். வைத்த கையோடு அதில் குங்குமமும் வைத்தார். பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிவிடலாமே என்று அக்கா ஒரு யோசனை சொன்னார். தண்ணீர் கொதிக்கும் கேத்தில் ஆவியில் காட்டினால் பசை விட்டுவிடுமாம். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் அந்தக் கேத்திலை நான் இரண்டு மூன்று தடவை பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

லயத்துக்குக் கரண்ட் வருவதற்கு முன்பு டிவி பார்க்க வாங்கிய கார் பேட்டரி எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதைத் தோட்டத்து லொறி டிரைவரிடம் கொடுத்துச் சார்ஜ் பண்ணி எடுத்தேன். கம்பிக்கு ஆடாத மின்சாரம் வேண்டும், அதற்கு அந்தக் கிழட்டு பேட்டரி போதும். முதலில் குழாயில் சுத்தமான தண்ணீரை நிரப்பி அளந்தேன். புத்தகத்தில் உள்ள எண் அப்படியே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன்பக்க ஒடுங்கிய இடத்தில், பலகைப் பெட்டியின் மேல் வைத்து அளந்தது, ஆய்வுகூடத்து எண்ணைத் தருகிறதே!

தண்ணீரைத் துடைத்துக் காயவைத்துவிட்டு, போத்தலிலிருந்து பாதித் திரவத்தைக் குழாயில் ஊற்றினேன். முதல் நாள் ஓர் எண் வந்தது. இரண்டாம் நாள் அதே திரவம் அதைவிடக் கூடிய எண்ணைத் தந்தது. மூன்றாம் நாள் இன்னும் கூடியது. என்ன நடக்கிறது என்று புரிய எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. கம்பிகளை வெளியே எடுக்க மூடியில் துளைகள் இருந்தன. அந்தத் துளைகள் வழியாக மூடுபனி இரவும் பகலும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் கதவை அடித்துச் சாத்தினேன். ஜன்னலில் துணி அடைத்தேன். “தண்ணி ஏறுதும்மா, தண்ணி ஏறுது, எல்லாம் வீணாப் போவுது,” என்று அம்மாவிடம் புலம்பினேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஃபெக்டரி ஞாபகம் வந்தது. தோட்டத்தில் ஈரம் நெருங்க முடியாத ஒரே இடம் அதுதான். பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, டிரையரில் வெந்த காற்றில் மொறுமொறுவென்று காயவைக்கிறார்கள். காய்ந்த தூளில் மறுபடி ஈரம் ஏறினால் விலை போகாது. அதனால் சலித்துப் பொதி செய்யும் அறையை எப்போதும் சூடாகவும் உலர்வாகவும் வைத்திருப்பார்கள். ஃபெக்டரியின் முழுப் பொறுப்பும் டீமேக்கரிடம். அவர் சிங்களவர், முப்பது வருஷமாகத் தோட்டத்தில் இருந்து தமிழ் பேசிப் பழகியவர். போத்தலோடு போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முதலில் போத்தலைத் திறக்கச் சொன்னார். குனிந்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். தேயிலை எந்த வாசத்தையும் குடித்துக்கொள்ளும் என்பதால் அந்த அறைக்குள் பூ வைத்துக்கொண்டோ பவுடர் பூசிக்கொண்டோ யாரும் போக முடியாது.

“துவே,” என்றார். சிங்களத்தில் மகளே என்று அர்த்தம். “பைப் தண்ணிக்கும் ஒரு வாசம் இருக்கு. இதுக்கு ஒண்ணும் இல்ல. இது என்ன சாமான்?”

ஆவியாகாத பொருள், அதனால்தான் மூக்குக்கு ஒன்றும் வருவதில்லை என்றேன். அவர் மூடியைத் தானே இறுக்கி என்னிடம் தந்தார்.

“நாளைக்கு வாங்க. ஆனா பகல் சாப்பாட்டுக்குச் சல்லடை மெஷின் நிக்கிற அரை மணிதான் சும்மா இருக்கும். மத்த நேரம் தரையெல்லாம் ஆடும்.”

அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். போத்தலில் பாதித் திரவம் இன்னும் ஈரம் படாமல் இருந்தது. காலையில் அதைக் குழாயில் நிரப்பி, துளைகளை மெழுகால் அடைத்து, அந்த உலர்ந்த அறையில் அளந்துவிட்டால் முடிந்தது. நான் எழும்பும்போது அம்மா காலைப் பெரட்டுக்குப் போய்விட்டார். ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்து அனுப்பும் அந்த இடத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் பேச்சு வாங்க வேண்டும். போத்தலின் மூடிக்கு மேலே பொலித்தீன் தாள் சுற்றி றப்பர் பட்டி போட்டிருந்தது. அம்மாவின் அக்கறை என்று நினைத்துக்கொண்டு எடுத்துப் போனேன்.

பொதி அறையில் டீமேக்கர் ஐயாவும் நாலைந்து பெண்களும் சுற்றி நிற்க, நான் பெரிய விஞ்ஞானியைப் போலப் போத்தலைத் திறந்து குழாயில் சரித்தேன். திரவத்தோடு பொலபொலவென்று வறுத்த அரிசி விழுந்தது.

எல்லோரும் குனிந்து குழாயைப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண், “உப்புக்குப் போட்டிருக்காங்க,” என்று மெல்லச் சொன்னாள். அவளுக்குக்கூடப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது.

நான் அப்படியே வெளியே ஓடினேன். அம்மா எந்த மலையில் பறிக்கிறார் என்று கேட்டு, மேட்டில் ஏறி, கூடையோடு நின்ற இருபது பெண்களுக்கும் கங்காணிக்கும் முன்னால் நின்று கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்பதை எழுத எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. உனக்கு என்ன தெரியும், உன்னாலதான் நான் இந்த மலைய விட்டுப் போக முடியாமப் போவுது என்று சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அம்மாவின் கை செடி மேலேயே நின்றது.

“தண்ணி ஏறுது தண்ணி ஏறுதுன்னு மூணு நாளா நீதானே அழுத,” என்றார். “வெடியக்காலையில எந்திரிச்சு வறுத்தேன் புள்ள. கருகாமப் பாத்துத்தான் வறுத்தேன்.”

மறுபடி பறிக்கத் தொடங்கினார். நான் கீழே இறங்கி வரும்போது கோபம் பாதி வழியிலேயே போய்விட்டது. அதன் இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது கோபத்தைப் போலச் சீக்கிரம் போகிற சாமான் இல்லை.

ஃபெக்டரியில் டீமேக்கர் ஐயா எனக்கு ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி கொடுத்து டிரையருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அரிசி ஊறிய திரவம் கலங்கிக் கிடந்தது, அது இனி உதவாது. என்னிடம் மிஞ்சியது மூன்று நாள் மூடுபனி குடித்த அந்த முதல் பாதி மட்டும்தான். வீட்டில் ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தேன். அதைத் தூக்கி வீச வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு டிரையரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் ஈரக் கொழுந்து உள்ளே போகிறது, மறுபக்கம் காய்ந்த தூள் வெளியே வருகிறது. தண்ணீர் போய்விடுகிறது, தேயிலை நிற்கிறது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். என் திரவம்தான் ஆவியாகாதே! சூட்டில் திறந்து வைத்தால் அதிலிருந்து போகக்கூடிய ஒரே ஒரு பொருள் தண்ணீர். மணமில்லை என்று நானே இவரிடம் விளக்கம் சொல்லியிருக்கிறேன், ஆனால் அதை வைத்து இவ்வளவு தூரம் யோசிக்க எனக்கு ஒரு நாள் பிடித்திருக்கிறது. தனியாகச் சிரித்தேன். ஐயா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு ஓடிப்போய் அந்தச் சின்னப் போத்தலை எடுத்து வந்தேன். திரவத்தை அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி, தேயிலைத் தூசி விழாமல் மெல்லிய துணியால் மூடி, டிரையரை ஒட்டி இருந்த சூட்டு அலுமாரிக்குள் வைத்தோம். தேயிலையின் ஈரத்தைச் சோதிக்க ஃபெக்டரியில் நுணுக்கமான தராசு ஒன்று இருந்தது. அதில் தினமும் காலையில் தட்டை நிறுத்தோம். முதல் நாள் எடை நன்றாகக் குறைந்தது. அடுத்த நாள் கொஞ்சம் குறைந்தது. பிறகு குறைவதே தெரியாமல் வந்து, ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் ஒரே எடையில் நின்றது. டீமேக்கர் ஐயா ஒவ்வொரு நாளும் ஃபெக்டரியின் அச்சிட்ட துண்டுச் சீட்டில் எடையை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தந்தார். தேயிலையின் தரத்தை எழுதுகிற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, தமிழிலேயே உப்பு என்று எழுதினார்.

அந்த ஆறு நாளும் அம்மா என்னோடு பேசவில்லை. சோறும் சம்பலும் கட்டி மட்டும் வைத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது. நான் மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய் அம்மாவுக்கு முன்பே தண்ணீர் பிடித்து வந்து வைத்தேன், விறகு உடைத்தேன், உப்பு டின்னைக் கழுவித் துடைத்து வெயில் அடித்த அரை மணியில் காயவைத்தேன். அம்மா எல்லாவற்றையும் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்தார்.

ஆறாம் நாள் பகல் சல்லடை மெஷின்கள் நின்றன. சூடாக இருந்தபோதே திரவத்தைக் குழாயில் நிரப்பி மெழுகால் அடைத்து, அறைச் சூட்டுக்கு ஆற வைத்திருந்தேன். பொதி அறைப் பெண்களிடம், “ஒரு வினாடிதான், யாரும் நடக்காதீங்க,” என்றேன். ஒவ்வொரு தடவையும் நான் பொத்தானை அழுத்தும்போது அவர்கள் அப்படியே சிலையாக நின்றார்கள். ஒருத்தி தும்மல் வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர நின்றாள். டீமேக்கர் ஐயா வாசலில் நின்று யாரையும் உள்ளே விடவில்லை. தோட்டத்துத் துரையே வந்திருந்தாலும் அந்த ஒரு வினாடி வெளியேதான் நின்றிருப்பார். இருபது தடவை அளந்தேன். இருபதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. வீட்டில் முதல் நாள் வந்த எண்ணை விடவும் குறைவாக, ஆடாமல் அசையாமல் ஓர் எண்.

அன்று மாலை அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“நம்பரு வந்துச்சா?”

“வந்துச்சும்மா.”

“அப்ப தின்னு. ஆறு நாளா ஒழுங்காத் திங்கல.”

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தின்றேன்.

முதலாம் திகதிக்கு மூன்று நாள் இருக்கும்போது வேலைநிறுத்தம் முடிந்தது. பேராசிரியரின் மேசையில் என் குறிப்புப் புத்தகத்தையும் உறையையும் வைத்தேன். அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

“இதென்ன குங்குமம்? பூசை வச்சனீரோ?”

“அம்மா, சேர்.”

உறையைக் கிழித்துத் தாளை எடுத்தார். என் எண்ணைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். என் எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நூற்றுக்கு ஐந்து ஆறு வித்தியாசம் இருந்தது. பாடசாலைக் கட்டிடமும் கரும்பலகையும் கண்முன் வந்தன.

அவர் என் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். வீட்டில் அளந்த பக்கத்தில் நிறுத்தினார்.

“உம்மட இரண்டாம் நாள் எண் இதோட அச்சொட்டாப் பொருந்துது. அதையே எனக்குத் தந்திருக்கலாமே?”

“அது ஈரம் சேர்.”

“இது பேர்போன ஆய்வுகூடத்தின்ர எண்.”

“அப்ப அவங்களோடதும் ஈரம்தான்,” என்றேன். கோபம் வந்து மூக்கில் உட்கார்ந்துவிட்டது. “என்னோட எண் சரி. நீங்க என்னய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாலும் அது சரிதான்.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை.

“காய்ஞ்சது எண்டு எப்பிடிச் சொல்லுறீர்?”

டீமேக்கர் ஐயாவின் ஆறு துண்டுகளையும் வரிசையாக வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து எடையைப் பார்த்தார். தரம் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நாலு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“சரி, ஒரு வேலை செய்வம். உம்மட காய்ஞ்ச திரவத்துக்கு நாங்களே தண்ணி விடுவம்.”

அன்று பின்னேரம் முழுவதும் அதைத்தான் செய்தோம். தராசில் நிறுத்து நிறுத்து ஒவ்வொரு துளித் தண்ணீராகக் கலந்து அளந்தோம். என் எண்ணில் தொடங்கி அது மெல்ல மெல்ல ஏறியது. நாலாவது துளியில் உறைக்குள் இருந்த எண்ணுக்கு மேலேயே வந்து நின்றது. அவர் ஒரு நிமிஷம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாச்சியைத் திறந்து பதிவுப் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“அவையளுக்கு நான் எழுதிக் கேக்கிறன்,” என்றார். எழுதவும் செய்தார். அடுத்த மாதம் பதில் வந்தது. தங்கள் திரவத்தில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று தாங்கள் பார்க்கவே இல்லை என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள்.

கையெழுத்து வாங்கிய மறுநாள் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா மலைக்குப் போயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, பயமாகவும் இருந்தது. மகள் டீச்சர் என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற மனுஷியிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? பத்து மணித் தேத்தண்ணியைப் போத்தலில் ஊற்றி எடுத்துக்கொண்டு அதே மேட்டில் ஏறினேன். அதே இருபது பெண்கள், அதே கங்காணி. என்னைக் கண்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடவை என்ன கத்தப் போகிறாளோ என்று நினைத்திருப்பார்கள்.

“அம்மா, என்னயப் பதிஞ்சுட்டாங்க. நான் கெம்பஸ்லயே இருந்து ஆராய்ச்சி செய்யப் போறேன்.”

அம்மா நிமிர்ந்தார். “அப்ப டீச்சரு?”

“இல்லம்மா.”

அவர் கை செடி மேல் அசையாமல் நின்றது. நான் அவசர அவசரமாகச் சொன்னேன். வெளிநாட்டில் பெரிய இடத்தில் பெரிய பெரிய மெஷினை வைத்து அளந்தவர்களின் உப்பில் ஈரம் ஏறியிருந்தது, நம்ம ஃபெக்டரியில் காயவைத்த உப்பில் ஏறவில்லை, அவர்கள் எண் பிழை, என் எண்தான் சரி என்றேன். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக, “அன்னிக்கு ஒன்னயக் கத்துனது என்னோட தப்பு. உப்பக் காய வைக்கணும்னு மொதல்ல நெனச்சது நீதான்,” என்றேன்.

அம்மா தேத்தண்ணியை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு பக்கத்து வரிசைப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்.

“அம்புட்டுப் படிச்சவங்க இருக்காங்களாம். ஒரு புடி அரிசிய வறுத்துப் போடணும்னு ஒருத்தருக்கும் தோணல பாரேன்.”

மலையே சிரித்தது. கங்காணிகூடச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மிச்சத் தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வெற்றுப் போத்தலை என் கையில் திணித்தார்.

“போ, போய் அவங்களுக்கும் சேத்துக் காய வையி,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கொழுந்து பறிக்கத் தொடங்கினார்.